ஃப்ரோசினா சொன்ன நான்கு மாதம்

ஃப்ரோசினா எதைச் சொன்னாலும் நடந்ததைவிட ஒரு சுற்றுப் பெரிதாகத்தான் இருக்கும். அறுபது பேர் வந்த கல்யாணத்துக்கு முந்நூறு பேர் வந்தார்கள் என்பாள். முழங்கால் வரை பெய்த பனி அவள் வாயில் கழுத்து வரை ஏறிவிடும். நாங்கள் பிறந்த கெரேரோ பக்கத்தில் இதை யாரும் குற்றமாக எடுத்துக்கொள்வதில்லை. அறுபது பேர்தான் வந்தார்கள் என்று உள்ளதை உள்ளபடி சொன்னால்தான் கல்யாண வீட்டாருக்குக் கோபம் வரும். நல்லவர்களைப் பற்றிப் பேசும்போது கொஞ்சம் தாராளமாக அளந்து போடுவது மரியாதை. நானும் அப்படித்தான் வளர்ந்தேன்.

என் பெயர் ரோசால்பா. சிக்காகோவில் இருபத்தாறாம் தெருவில் ஒரு லாண்டிரியைப் பத்தொன்பது வருடமாகப் பார்த்துக்கொள்கிறேன். ஃப்ரோசினா செவ்வாய்தோறும் மூட்டையோடு வருவாள். சோள ரொட்டி ஆலையில் பாக்கெட் போடுகிற வேலை அவளுக்கு, சட்டையெல்லாம் மாவு. புருஷன் நாபோர் கூரை வேலைக்காரன், கால்சட்டையெல்லாம் தார். இரண்டையும் ஒரே இயந்திரத்தில் போடாதே என்று நான் கத்தாத செவ்வாய்க்கிழமை கிடையாது. அவள் சிரித்துக்கொண்டே போட்டுவிடுவாள்.

நாபோர் அதிகம் பேசமாட்டான். இரண்டாயிரத்து நான்கில், பத்தொன்பது வயதில், குடியேற்றக் காகிதம் எதுவும் இல்லாமல் எல்லை தாண்டி இங்கே வந்தவன். ஒரே மகள் யாரெத்தி, பதின்மூன்று வயது, இங்கே பிறந்தவள். ஆறு வயதிலிருந்து அவளுக்கு வலிப்பு. அது வரும்போது ஃப்ரோசினாவுக்குக் கை கால் ஓடாது, சுவரோடு ஒட்டிக்கொண்டு புனிதர்களை எல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். நாபோர்தான் பிள்ளையை ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலைக்கடியில் தன் தொடையை நகர்த்தி, அடங்கும்வரை பேசிக்கொண்டிருப்பான். ஒருமுறை என் கடைத் தரையிலேயே வந்துவிட்டது. அன்றுதான் அவன் அவ்வளவு பேசி நான் கேட்டேன். கோழிக்குஞ்சு விலை, பக்கத்து வீட்டுக் கழுதை என்று வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னான். பிள்ளை கண் திறந்ததும் மறுபடி ஊமையாகிவிட்டான்.

போன அக்டோபரில் மிக்ரா எங்கள் பேட்டைக்குள் இறங்கியது. குடியேற்றப் போலீசை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். கோயிலில் எல்லோருக்கும் ஆளுக்கொரு விசில் கொடுத்திருந்தார்கள். சின்னச் சின்னதாக ஊதினால் அவர்கள் அருகில் இருக்கிறார்கள். நீளமாக ஊதினால் யாரையோ பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். அன்று காலை பதினோரு மணிக்கு நீளமாகக் கேட்டது. கடையைப் போட்டது போட்டபடி ஓடினேன்.

இரண்டு மாடி வீட்டுக் கூரையில் நாபோர் தனியாக உட்கார்ந்திருந்தான். கூட வேலை செய்தவர்கள் இருவரும் கீழேயே சிக்கிவிட்டார்கள். முகமூடி போட்ட மிக்ராக்காரர்கள் ஏணியை எடுத்துக் கீழே படுக்கவைத்திருந்தார்கள். அவன் உயர ஏறும்போது இடுப்பிலிருந்த சுத்தியல் நழுவி, ஓட்டில் சறுக்கி, அவர்களுடைய வண்டியின் மூக்கில் விழுந்திருக்கிறது. அவ்வளவுதான் நடந்தது. அடுத்த வீட்டு மாடியிலிருந்து பார்த்தவர்கள் மூன்று பேர் இருக்கிறார்கள்.

மூன்று மணிநேரம் அவன் புகைபோக்கியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். தெரு நிறைந்துவிட்டது. விசில், கூச்சல், மேலே இரண்டு ஹெலிகாப்டர். முகமூடிக்காரர்கள் கண்ணீர்ப்புகைக் குண்டுகளைக் கையில் எடுத்தார்கள். அப்போது பள்ளி விடுகிற நேரம். நாபோர் எழுந்து நின்று, கையால் ஏணியைக் காட்டி, நிமிர்த்தி வை என்று சைகை செய்தான். இறங்கி வந்து கைகளை நீட்டினான். பள்ளிப் பிள்ளைகள் அந்தத் தெருவழியாகத்தான் வருவார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். எந்தத் தொலைக்காட்சியும் அந்தச் சைகையைக் காட்டவில்லை. அவர்களுக்குச் சுத்தியல் கிடைத்துவிட்டது.

என் கடையில் இரண்டு தொலைக்காட்சிப் பெட்டிகள். அந்த வாரம் முழுவதும் இரண்டிலும் சுத்தியல்தான். ஒரு சேனலில் அதைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, மெதுவாக ஓட்டி, பின்னால் ஓட்டி, எறிந்தானா விழுந்ததா என்று நான்கு பேர் நான்கு கட்டங்களுக்குள் உட்கார்ந்து கத்தினார்கள். எறிந்தவன்தான், கொலைகாரன்தான் என்றார் டை கட்டிய ஒருவர். இன்னொரு சேனலில் அவன் மாவீரன் ஆகிவிட்டான். சனிக்கிழமை ஊர்வலத்தில் அட்டையில் வெட்டிய சுத்தியல்களைத் தூக்கிக்கொண்டு போனார்கள், சட்டையில்கூட அச்சடித்துவிட்டார்கள். எனக்கு இரண்டு பக்கத்தின்மேலும் எரிச்சல்தான். ஒரே அளவு எரிச்சல் என்று சொல்லமாட்டேன். ஊர்வலம் போனவர்கள் எங்களுக்காக அடி வாங்கியவர்கள். ஆனால் அவனை எந்த ஜெயிலில் வைத்திருக்கிறார்கள் என்று ஃப்ரோசினா தேடிக்கொண்டிருந்தபோது, அவளை மேடையில் ஏறிப் பேசச் சொல்லி ஒரு தாடிக்காரப் பையன் மூன்று தடவை வந்தான். பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று ஒருதடவையும் கேட்கவில்லை.

"அக்கா, நான் மேடையெல்லாம் ஏறமாட்டேன். எனக்குக் காலு நடுங்கும்" என்றாள் ஃப்ரோசினா.

"ஏறாதே. அவன் மறுபடி வந்தா நான் பேசிக்கிறேன்" என்றேன். பிறகு நான் செய்த காரியத்தை நினைத்தால் என் வாயில் நானே அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அடுத்த செவ்வாய்க்கிழமை அவள் கடையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். பெட்டியில் அந்த டைக்காரர், "இந்த ஆட்களுக்குக் குடும்பம் என்பதெல்லாம் வெறும் சாக்கு" என்று சொல்லி முடித்தார். அதே நேரம் ஒரு நிருபர் பெண் ஒளிப்பதிவாளரோடு உள்ளே வந்தாள். நல்ல பெண்தான், எங்கள் மொழியிலேயே பேசினாள்.

"உங்க வீட்டுக்காரர் எப்படிப்பட்டவர்னு நீங்களே சொல்லுங்கம்மா. ஊரே அவரைப் பத்திப் பேசுது, உங்க குரலை மட்டும் யாரும் கேட்கலை."

ஃப்ரோசினா கையிலிருந்த தார் படிந்த கால்சட்டையை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். டைக்காரர் பேச்சு எனக்கு உச்சந்தலையில் ஏறியிருந்தது. கல்லாவுக்குப் பின்னாலிருந்து நான்தான் கத்தினேன்: "அவங்க அம்மா சாகக் கிடந்த கதையைச் சொல்லுடி! குடும்பம்னா என்னன்னு அந்தாளும் தெரிஞ்சுக்கட்டும்!"

அவள் சொன்னாள். இரண்டாயிரத்துப் பதினேழில் மாமியாருக்கு ஒரு பக்கம் விழுந்துவிட்டது. நாபோர் இங்கிருந்து பஸ் ஏறி, எல்லை தாண்டிக் கெரேரோ போனான். போனால் திரும்பி வருவது நிச்சயமில்லை என்று தெரிந்தே போனான்.

"நாலு மாசங்க. நாலு மாசம் அம்மா கட்டிலை விட்டு நகரலை. குளிப்பாட்டி, பீ மூத்திரம் அள்ளி, வாயில கஞ்சி ஊத்தி. பொம்பளைங்க செய்யறதையெல்லாம் அவர் கையால செஞ்சார். அடக்கம் பண்ணி, ஒன்பது நாள் ஜெபம் முடிச்சு, சமாதியில சிலுவையைத் தூக்கி வச்சுட்டுத்தான் பாலைவனம் வழியா நடந்து எங்ககிட்ட வந்தார். அவரைப் போயி..."

அங்கேயே உடைந்து அழுதாள். நிருபர் பெண்ணும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. நாலு மாதம் இருக்காது என்று எனக்குத் தோன்றத்தான் செய்தது. நல்லவேளை கூட்டிச் சொன்னாள் என்று அப்போது நினைத்தேன். அன்று சாயங்காலமே அது நாடு முழுக்க ஓடியது.

வக்கீல் கிடைத்தது அதற்கு மூன்று நாள் கழித்து. நோவாக் என்று பெயர், நரைத்த முடி, போலந்துக்காரர்கள் வழி வந்த பெண். எங்கள் மொழியை முட்டி மோதிப் பேசினாலும் ஒவ்வொரு சொல்லும் தெளிவு. ஃப்ரோசினாவுக்குத் துணையாக நானும் போயிருந்தேன்.

"ஒரே ஒரு கதவு இருக்கு" என்றார். "பத்து வருஷம் விடாம இந்த நாட்டுல இருந்திருக்கணும். அவர் போனா, இங்க பிறந்த பிள்ளைக்குத் தாங்க முடியாத கஷ்டம் வரும்னு காட்டணும். பிள்ளை விஷயம் டாக்டர் காகிதத்துல இருக்கு. வருஷக் கணக்குதான் முக்கியம். நடுவுல வெளிநாடு போனாரா?"

"போனார். அம்மாவுக்காக."

"எத்தனை நாள்? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. ஒரே தடவையில தொண்ணூறு நாளைத் தாண்டியிருந்தா பழைய வருஷமெல்லாம் போச்சு, திரும்பி வந்த நாள்லேர்ந்துதான் எண்ணுவாங்க."

ஃப்ரோசினாவின் முகம் வெளுத்துவிட்டது. ஆனால் இந்த முறை அவள் கூட்டவில்லை, குறைக்கவில்லை. நாட்களைத் தேடித் தேடி எடுத்தாள். மெழுகுவர்த்தித் திருநாள் பிப்ரவரி இரண்டு. அன்று தமாலே என்கிற சோளமாவுக் கொழுக்கட்டை செய்து தின்றுவிட்டு மறுநாள் பஸ் ஏறினான். ஈஸ்டருக்கு அடுத்த சனிக்கிழமை, யாரெத்தி தூங்கி எழுந்தபோது வாசலில் நின்றான். வக்கீல் நாட்காட்டியைப் புரட்டி எண்ணினார். எழுபத்தெட்டு. மறுபடி எண்ணினார். எழுபத்தெட்டுதான்.

"பன்னிரண்டு நாள் மிச்சம்!" என்று மேசையைத் தட்டினார். "பாலைவனம் வழியா வந்தவருக்குப் பாஸ்போர்ட்டுல முத்திரையும் இருக்காது, டிக்கெட்டும் இருக்காது. உங்க ரெண்டு பேர் வார்த்தைதான் சாட்சி. இதைப் பத்தி வேற யார்கிட்டயாவது பேசினீங்களா?"

ஃப்ரோசினா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

வக்கீல் தன் கைபேசியில் அந்தப் பேட்டியை இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். கடைசியில், "அரசாங்கத் தரப்பு வக்கீல் கண்ணுல இது படாம இருக்கட்டும்" என்று மட்டும் சொன்னார். நாபோர் திரும்பி வந்த தேதி எனக்குத் தெரியுமா என்று கேட்டார். அந்தச் சனிக்கிழமை நான் அவனைப் பார்க்கவில்லை. தெரியாது என்றுதான் சொல்ல முடிந்தது.

வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் ஃப்ரோசினா கேட்டாள், "நாலு மாசம்னு ஏன்க்கா சொன்னேன்?"

"நான் சொல்லச் சொன்னேன், நீ சொன்னே."

"நீங்க கதையைத்தானே சொல்லச் சொன்னீங்க. கணக்கு என்னோடது."

விசாரணை ஏழு வாரம் கழித்து வந்தது. அதற்குள் யாரெத்திக்கு இரண்டு தடவை வலிப்பு. இரண்டாம் தடவை கீழே விழுந்து முன்பல் உடைந்தது. ஃப்ரோசினா சுவரைவிட்டு வந்து பிள்ளையைப் பிடித்துக்கொள்ளக் கற்றுக்கொண்டாள். நாபோர் மாதிரிப் பேசத்தான் வரவில்லையாம். தொலைக்காட்சிக்காரர்கள் வேறு ஊருக்குப் போய்விட்டார்கள், வேறு வீடியோவுக்கு வட்டம் போட்டார்கள். அட்டைச் சுத்தியல் ஒன்று மழையில் ஊறி என் கடை வாசலில் கிடந்தது. நான்தான் குப்பையில் போட்டேன்.

நாபோரை வேறு மாநிலத்து ஜெயிலில் வைத்திருந்தார்கள். கோர்ட்டுக்கு அவனைக் கொண்டுவரவில்லை. சுவரில் மாட்டிய திரையில் அவன் முகம் வரும். வக்கீல் அவனோடு போனில் நான்கு தடவை ஒத்திகை பார்த்திருந்தார். அந்தப் பேட்டியைக் காட்டினால், 'என் மனைவி சொன்னது சரியில்லை, வேதனையில் கூட்டிச் சொல்லிவிட்டாள்' என்று சொல்ல வேண்டும். நான்கு தடவையும் நாபோர், "சரிங்கம்மா, சொல்லிடறேன்" என்றானாம்.

சாட்சி சொல்ல வேண்டியவள் என்பதால் ஃப்ரோசினாவை வெளியே தாழ்வாரத்தில் உட்காரவைத்துவிட்டார்கள். நான் உள்ளே, கடைசி பெஞ்சில். நாபோர் சத்தியம் செய்தான். மெழுகுவர்த்தித் திருநாளுக்கு மறுநாள் போனேன், ஈஸ்டர் கழிந்த சனிக்கிழமை வந்தேன் என்று ஒத்திகை பார்த்தபடியே சொன்னான். மொழிபெயர்ப்பவர் உணர்ச்சியே இல்லாத குரலில் ஒவ்வொன்றையும் ஆங்கிலத்தில் சொன்னார். நீதிபதி தலையாட்டி எழுதிக்கொண்டார். எனக்கு மூச்சு கொஞ்சம் இறங்கியது.

அரசாங்க வக்கீல் எழுந்தார். இளவயசு ஆள், சளிப் பிடித்து மூக்கைச் சிந்திக்கொண்டே இருந்தார். எந்தக் குரோதமும் இல்லாமல் மடிக்கணினியைத் திருப்பிவைத்து, என் லாண்டிரியை ஓடவிட்டார்.

நாபோர் அதற்கு முன் அதைப் பார்த்ததில்லை. திரையில் அவன் முகம் நெருங்கி வந்தது. பிடிபட்டதிலிருந்து மனைவியைப் பார்க்காத மனுஷன். ஃப்ரோசினா மாமியாரைப் பற்றிப் பேசினாள், நாலு மாசம் என்றாள், அழுதாள். முடிந்தது.

"எளைச்சுட்டாளே" என்றான் நாபோர். மொழிபெயர்ப்பவர் அதையும் ஆங்கிலத்தில் சொன்னார்.

"இதில் பேசுவது உங்கள் மனைவிதானே?"

"ஆமாங்க."

"நீங்கள் எழுபத்தெட்டு நாள் என்கிறீர்கள். அவர் நான்கு மாதம் என்கிறார். உங்கள் மனைவி பொய் சொல்கிறாரா?"

ஒரு வார்த்தை போதும். எங்கள் வக்கீல் பேனாவை நெற்றியில் அழுத்திக்கொண்டிருந்தார். நான் பெஞ்சைப் பிடித்துக்கொண்டேன். நாபோர் வாயைத் திறந்தான், மூடினான், மறுபடி திறந்தான்.

"இல்லீங்க. என் பொண்டாட்டி பொய் சொல்றவ இல்ல."

"அப்படியானால் பொய் சொல்வது நீங்களா?"

"என்னை எப்படி வேணா எழுதிக்குங்க" என்றான்.

ஃப்ரோசினாவை உள்ளே கூப்பிட்டார்கள். நடந்தது எதுவும் தெரியாமல் வந்து நின்று, சத்தியம் செய்து, யாரும் கேட்பதற்கு முன்பே அவசர அவசரமாகச் சொன்னாள்: "டிவியில நான் சொன்னது பொய்ங்க. எழுபத்தெட்டு நாள்தான். அவரைப் பெரிசாக் காட்டணும்னு கூட்டிச் சொல்லிட்டேன். தப்பு என்மேல."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். கெட்ட மனுஷராகத் தெரியவில்லை. "நீங்கள் பொய் சொல்பவர் இல்லை என்று உங்கள் கணவர் சற்றுமுன் சத்தியத்தின் பேரில் சொல்லியிருக்கிறார்" என்றார்.

அது அவள் மொழியில் அவள் காதுக்குப் போய்ச் சேர ஒரு நிமிடம் ஆனது. அவள் நீதிபதியை விட்டுத் திரும்பித் திரையைப் பார்த்தாள்.

"ஏய்யா, நான் பொய்க்காரிதான்னு சொல்லுய்யா! இந்த ஊருக்கே தெரியும், உனக்குத் தெரியாதா? சொல்லு! இப்பவாவது சொல்லு!"

மொழிபெயர்ப்பவர் அதே குரலில், ஒன்றையும் விடாமல், ஆங்கிலத்தில் சொன்னார். நீதிபதி அவளை உட்காரச் சொன்னார்.

அரைமணி நேரத்தில் தீர்ப்பு. போன நாட்கள் எழுபத்தெட்டுதான் என்பதை அவரால் நம்ப முடியவில்லை. ஆகவே இரண்டாயிரத்துப் பதினேழிலிருந்துதான் கணக்கு, எட்டு வருடம், போதாது. மேல்முறையீடு செய்தால் முடியும்வரை உள்ளேயே இருக்க வேண்டும், ஒரு வருடம் ஆகலாம் என்று எங்கள் வக்கீல் சொன்னார். நாபோர் வேண்டாம் என்று தலையாட்டினான். இருபத்தொரு வருடம் கூரை போட்டவன், அவனை அடுத்த வாரமே விமானத்தில் ஏற்றப் போகிறார்கள்.

திரையை அணைப்பதற்குமுன் நீதிபதி ஒரு நிமிடம் கொடுத்தார். ஃப்ரோசினா திரைக்குப் பக்கத்தில் போய் நின்றாள். அழவில்லை, சண்டை போடுகிற குரல்.

"ஒரு வார்த்தைதானேய்யா. சொல்லியிருந்தா வீட்டுக்கு வந்திருப்பியே. நம்ம புள்ளைக்காகவாவது சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொல்லணும்னுதான் வாயத் தொறந்தேன்" என்றான் நாபோர். "நீ அங்க எங்கம்மாவைப் பத்திப் பேசிக்கிட்டு நின்ன. துணியக் கையில வச்சுக்கிட்டு அழுதுக்கிட்டு நின்ன. உன்னைப் போயி அத்தனை பேர் முன்னாடி பொய்க்காரின்னு எப்படிடி சொல்வேன்?"

திரை கறுத்தது. விசாரணை முடிந்திருந்தும், மொழிபெயர்ப்பவர் பழக்கத்தில் அதையும் ஆங்கிலத்தில் சொல்லி முடித்தார்.